பெயர் கொடுத்த சாலை

அன்பு மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்கு மாடிப்படி ஏறும்போது மட்டும் முழங்கால் பிடித்துக்கொள்கிறது. போனில் பேசாமல் கடிதம் எழுதுகிறாரே என்று பயந்துவிடாதே. இதைப் போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் எனக்குத் தொண்டை அடைத்துவிடும், அம்மா போனை வாங்கிக்கொள்வாள், சொல்ல வந்தது அப்படியே நின்றுபோகும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் பேச்சோடு பேச்சாக ஒன்று கேட்டாய். "என்னை வீட்டுக்குத் தூக்கிவந்த அன்றைக்கு நான் என்ன உடுத்தியிருந்தேன்?" மஞ்சள் கவுன் என்று அம்மா சொன்னாள். நீ உடனே பேச்சை மாற்றி, அலுவலகத்துக்கு இப்போது நடந்தே போவதாகவும், வழியெல்லாம் மரங்களும் பல நாட்டுக் கொடிகளும் இருப்பதாகவும், அந்தச் சாலைக்கு பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பார்க்வே என்று பெயர் என்றும் சொன்னாய். போனை வைத்த பிறகு அம்மா வெகுநேரம் அடுப்படியிலேயே நின்றிருந்தாள். நான் அந்தச் சாலையின் பெயரைக் கேட்டதிலிருந்து வேறெதையும் நினைக்க முடியாமல் இருந்தேன்.

அமெரிக்காவில் நீ இருக்கும் ஃபிலடெல்பியாவின் அந்தச் சாலையில் ஒரு சிறுவன் ஓடியிருக்கிறான், கயல். அவனுக்கு அப்போது ஐந்து வயது இருக்கும். தாய் இறந்துவிட்டாள். அவனையும் அண்ணனையும் எடுத்துக்கொண்ட பெரியம்மாவோ சித்தியோ, இரண்டு பிள்ளைகளுக்குச் சோறு போட வழியில்லாமல், சின்னவனை எங்காவது விட்டுவிட்டு வா என்று பெரியவனிடம் சொல்லிவிட்டாள். அண்ணன் தம்பியை வெளியே கூட்டிப்போனான். ஓர் இடத்தில் திடீரென்று ஓட ஆரம்பித்தான். விளையாட்டு என்று நினைத்தானோ என்னவோ, சின்னவனும் பின்னாலேயே ஓடினான். ஐந்து வயதுக் கால்களால் எட்டிப் பிடிக்க முடியவில்லை. அண்ணனும் பிள்ளைதானே, அவன் எப்படி ஓடினான், திரும்பிப் பார்த்தானா என்றெல்லாம் நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

கண்டெடுத்தவர்களிடம் தன் பெயரைச் சொல்ல அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை. அவனை ஏற்றுக்கொண்ட கன்னியாஸ்திரீகள் பைபிளிலிருந்து மத்தேயுவின் பெயரை எடுத்தார்கள். பின்னால் சேர்க்க ஒரு பெயர் வேண்டுமே, அதற்கு அவன் அகப்பட்ட சாலையின் பெயரை எடுத்தார்கள். மேத்யூ ஃபிராங்க்ளின். பிறகு தெற்கு ஃபிலடெல்பியாவில் போர்த்துகீசிய வழிவந்த ஒரு குடும்பம் அவனை எடுத்து வளர்த்தது. வளர்ந்து, தெருச் சண்டையிலும் சீர்திருத்தப் பள்ளியிலும் சில ஆண்டுகளைத் தொலைத்து, 1974-இல் காசுக்கு ஆடும் குத்துச்சண்டைக்கு வந்தார். பின்னாளில் இஸ்லாத்தைத் தழுவி மேத்யூ சாத் முகம்மது ஆனார். உலகம் அவரை அந்தப் பெயரில்தான் அறியும்.

எனக்கு அவர் அறிமுகமானது மூர் மார்க்கெட்டில். ராயபுரத்தில் நான் கையுறை மாட்டித் திரிந்த காலம் அது. பழைய புத்தகக் கடையில் கிடந்த ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் அவர் படம் இருந்தது. ஒரு கண் முழுக்க மூடி வீங்கியிருக்கிறது, புருவத்திலிருந்து இரத்தம் தாடைவரை வழிந்திருக்கிறது, ஆனால் இரண்டு கைகளும் மேலே தூக்கியிருக்கின்றன. வென்றவர் அவர்தான். அந்தப் பக்கத்தைக் கிழித்து என் டிரங்குப் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டிவைத்திருந்தேன். மூக்கு உடைந்து வந்த அன்றைக்கு உன் தாத்தா என் கையுறையைப் பறித்துக்கொண்டார். படத்தை மட்டும் விட்டுவிட்டார்.

அவர் ஆடியது லைட் ஹெவிவெயிட். 175 பவுண்டுக்கு மேல் போகக்கூடாது, நம் கணக்கில் 79 கிலோ சொச்சம். அவர் ஆட வந்த காலத்தில் அதற்கு அடுத்தது நேரே ஹெவிவெயிட்தான், பெரிய பணமும் பெரிய பெயரும் அங்கேதான். முகம்மது அலியை ஊர் உலகமே அறியும். இந்த எடைக்காரர்கள் அதே வேகத்தில் அதே அடியை வாங்கிக்கொண்டு, பாதி வெளிச்சத்தில் ஆடியவர்கள். ஆனால் எழுபதுகளின் கடைசியில் இந்தப் பிரிவில் இருந்த ஆட்களைப் போல ஒரே சமயத்தில் இத்தனை பேர் வேறெந்தப் பிரிவிலும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. மார்வின் ஜான்சன், விக்டர் கலிண்டெஸ், யாக்கி லோபஸ், ஜான் கான்டே, எடி முஸ்தஃபா முகம்மது, கொஞ்சம் பின்னால் மைக்கேல் ஸ்பிங்க்ஸ். ஒருவரையொருவர் ஒதுங்கிப் போகாமல் மோதிக்கொண்டார்கள்.

1979 ஏப்ரல் 22-ஆம் தேதி சாத் முகம்மது, மார்வின் ஜான்சனின் சொந்த ஊரான இண்டியானாபொலிஸுக்கே போய், கண்ணோரங்கள் கிழிந்த நிலையில் எட்டாவது சுற்றில் அவரை வீழ்த்தி உலகப் பட்டத்தை எடுத்தார். பிறகு எட்டு முறை அந்தப் பட்டத்தைக் காப்பாற்றினார். கான்டேயோடு மட்டும் இரண்டு தடவை. முதல் தடவை, சாத் முகம்மதுவின் காயத்துக்கு மருந்து வைக்கும் உதவியாளர் விதிக்குப் புறம்பான ஒன்றைத் தடவினார் என்று பிரச்சினை எழுந்து மறுபடி ஆட வேண்டி வந்தது. அந்த மறு ஆட்டத்தை நான்கே சுற்றில் முடித்துவிட்டார்.

நான் உனக்குச் சொல்ல நினைத்தது 1980 ஜூலை 13 அன்று நியூ ஜெர்சியில் யாக்கி லோபஸோடு நடந்த ஆட்டத்தைப் பற்றி. அந்த ஆண்டின் மிகச் சிறந்த ஆட்டம் என்று 'தி ரிங்' பத்திரிகை அதைத் தேர்ந்தெடுத்தது. எட்டாவது சுற்று. லோபஸ் நல்ல ஆட்டக்காரர், உலகப் பட்டத்துக்காகப் பலமுறை மோதியும் கடைசிவரை கிடைக்காதவர். அந்தச் சுற்றில் அவர் சாத் முகம்மதுவை நெருக்கிப் பிடித்து அடிக்கத் தொடங்குகிறார். ஏறக்குறைய 20 குத்துகள், ஒன்றுக்கும் பதில் இல்லை. தலை பின்னால் போகிறது, திரும்பி வருகிறது, மறுபடி போகிறது. கைகள் தளர்ந்து கிடக்கின்றன. விழவும் இல்லை, விலகவும் இல்லை. நடுவர் இப்போது நிறுத்திவிடுவார் என்று நினைக்கிறோம். அந்த நேரத்தில் எங்கிருந்தோ ஒரு கை எழும்புகிறது. சுற்று முடிவதற்குள் லோபஸை அவர் பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருக்கிறார். பதினான்காவது சுற்றில் லோபஸ் நான்கு முறை விழுந்தார், ஆட்டம் முடிந்தது.

'அற்புத மேத்யூ' என்று அவருக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். இருபது வயதில் நானும் அந்த அற்புதத்தைத்தான் கும்பிட்டேன். இப்போது அந்தச் சுற்றை இணையத்தில் பார்க்க முடிகிறது. இரண்டு தடவை முயன்றேன். என்னால் முழுக்கப் பார்க்க முடியவில்லை. அடி வாங்குகிறவனின் தகப்பன் இடத்திலிருந்து பார்க்க ஆரம்பித்துவிட்டேன், அதுதான் காரணம். இவர் ஏன் முன்பே கையைத் தூக்கவில்லை, யார் இவருக்கு இவ்வளவு வாங்கியபிறகுதான் திருப்பித் தரலாம் என்று சொல்லிக்கொடுத்தது என்று மனம் அடித்துக்கொள்கிறது. கூட்டம் எதற்காகக் கைதட்டியதோ அதுவேதான் அவரைத் தின்றது. 1981 டிசம்பர் 19-ஆம் தேதி அட்லாண்டிக் சிட்டியில் டிவைட் பிராக்ஸ்டன், குட்டையான ஆள், சிறையில் குத்துச்சண்டை கற்றவர், பத்தாவது சுற்றில் ஆட்டத்தை முடித்துவைத்தார். அந்த முறை அற்புதம் எதுவும் வரவில்லை. மறு ஆண்டு சொந்த ஊரான ஃபிலடெல்பியாவிலேயே மறுபடி மோதி ஆறாவது சுற்றில் தோற்றார். அதன் பிறகும் பத்து வருடம் ஆடினார். அவருடைய வாழ்நாள் தோல்விகளில் பெரும்பாலானவை அந்தப் பத்து வருடத்தில் வந்தவை. சம்பாதித்த பணமெல்லாம் சுற்றியிருந்தவர்களோடு கரைந்துபோனது. 1998-இல் குத்துச்சண்டைப் புகழ் மண்டபத்தில் அவரைச் சேர்த்தார்கள். 2010-இல் அவர் ஃபிலடெல்பியாவில் வீடற்றோர் விடுதி ஒன்றின் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. அங்கிருந்து மீண்டு, வீடில்லாதவர்களுக்காக ஊர் ஊராகப் பேசினார். 2014 மே மாதம், தசைகளை ஒவ்வொன்றாகச் செயலிழக்கச் செய்யும் நரம்பு நோயில், 59 வயதில் போய்ச் சேர்ந்தார்.

உன் சாலையின் கடைசியில் இருக்கும் அருங்காட்சியகத்தின் படிகளில், ராக்கி என்ற சினிமாக் குத்துச்சண்டைக்காரனை நினைத்துக்கொண்டு உலகம் முழுவதிலிருந்தும் வருகிறவர்கள் ஓடி ஏறுகிறார்களாமே. ஏறட்டும். நீ அங்கே நடக்கும்போது, அதே சாலையில் உண்மையாகவே ஓடிய அந்தப் பிள்ளையை ஒரு நொடி நினைத்துக்கொள்.

நடுவில் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். வேண்டுமென்றேதான் விட்டேன். பட்டம் கையில் வந்ததும் அவர் செய்த காரியங்களில் ஒன்று, தான் யார் என்று கண்டுபிடித்துச் சொல்கிறவர்களுக்கு 10,000 டாலர் தருவதாக அறிவித்தது. வளர்த்த குடும்பம் இருந்தது, உலகப் பட்டம் இருந்தது, வீதியில் போனால் கூட்டம் கூடியது. அப்படியும் கேட்டார். விடை கிடைத்தது. அவருக்குப் பிறப்பில் வைத்த பெயர் மேக்ஸ்வெல் அன்டோனியோ லோச். விட்டுவிட்டு வரச் சொன்ன அந்த உறவினர் யார் என்பதும் தெரிந்தது. தெரிந்த பிறகும் மேடையில் மேத்யூ சாத் முகம்மது என்ற பெயரிலேயே ஏறினார், அந்தப் பெயரிலேயே இறந்தார். கேட்டதால் அவரை வளர்த்தவர்களுக்கு எதுவும் குறைந்துபோனதாக நான் நினைக்கவில்லை. நான் வளர்த்தவன், அதனால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

கயல், நீ மஞ்சள் கவுனைப் பற்றிக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். சின்ன வயதிலிருந்தே உன் சுபாவம் அப்படி. பள்ளியில் ஒரு பெண் உன்னைத் 'தொட்டில் பிள்ளை' என்று கேலி செய்தது, அது நடந்து இரண்டு வருடம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரியவந்தது. வேலையில் உனக்கு நடந்த அநியாயத்தையும் ராஜினாமா கொடுத்த பிறகுதான் சொன்னாய். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நிற்கிறாய், எவ்வளவு திடமான பெண் என்று எல்லோரும் மெச்சுகிறார்கள். நானும் மெச்சியிருக்கிறேன். அது என் தவறு. எங்கள் மனம் நோகும் என்று இந்தக் கேள்வியையும் அப்படியே வைத்துக்கொண்டு நிற்காதே. கேள்.

எனக்குத் தெரிந்ததையெல்லாம் இப்போதே சொல்கிறேன். சேலத்தில் 1992-இல் அரசு தொட்டில் வைக்கத் தொடங்கி நான்கு வருடம் ஆனபின் நீ அதில் வந்தாய் என்பதை உன் ஏழு வயதில் சொல்லியிருக்கிறோம். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. உன்னைக் கையில் வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, உன்னைப் பார்த்துக்கொண்டிருந்த ஆயா பின்னாலேயே வந்து என்னிடம் மட்டும் சொன்னார். தொட்டிலில் இருந்து எடுத்தபோது, உன்னை நைந்த பருத்திச் சேலைத் துண்டு ஒன்றில் சுற்றியிருந்தார்களாம். உள்ளே ஈரம் படாதபடி மடித்துச் சுற்றியிருந்ததாம். உன் இடது கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு இருந்ததாம். மை காயாமல் ஆயாவின் விரலில் ஒட்டிக்கொண்டதாம்.

காயாத மை. யாரோ உன்னைக் கீழே விடுவதற்குச் சற்று முன்புதான் அதை வைத்திருக்க வேண்டும். இத்தனை வருடமும் இதை நான் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை, நேற்று இரவுதான் சொன்னேன். அவள் அழுதுவிட்டு, "இதை ஏன் பிள்ளையிடம் இருந்து ஒளித்தீர்கள்" என்று என்னைத்தான் கோபித்துக்கொண்டாள். அவள் கோபம் நியாயம்தான்.

வயது வந்த பிள்ளைகள் தங்கள் பிறப்பைத் தேடித் தாங்களே விண்ணப்பிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பெற்றவள் வேண்டாம் என்றால் அவள் பெயரைச் சொல்லமாட்டார்கள், அதற்கும் மனதைத் தயார் செய்துகொள். தத்துப் பத்திரம், உன் முதல் மருத்துவச் சீட்டு, ஒப்படைத்த அன்று எடுத்த புகைப்படம், எல்லாவற்றையும் பீரோவிலிருந்து எடுத்து ஒரே உறையில் போட்டிருக்கிறேன். நகல்களை இத்துடன் அனுப்புகிறேன், அசல் இங்கே இருக்கட்டும்.

தை மாதம் லீவு கிடைக்கும் என்று சொன்னாயே, தேதியை மட்டும் எழுது. சேலத்துக்கு மூன்று டிக்கெட் எடுத்துவைக்கிறேன். அம்மாவும் வருவாளாம். ஜன்னலோரம் உனக்குத்தான்.

அன்புடன்,
அப்பா