உப்பு மட்டும் போகவில்லை

காட்பாடி,
ஆனி மாதம், ஞாயிறு காலை.

அன்புள்ள தனபாலுக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முட்டி அறுவை சிகிச்சை முடிந்து கைத்தடி இல்லாமல் வாசல் வரை நடக்கிறாய் என்று படித்ததும்தான் எனக்கு நிம்மதி. தங்கச்சி உன்னை அதட்டி நடக்க வைக்கிறாள் என்று எழுதியிருக்கிறாயே, அதட்டட்டும். நீ அதட்டினால் மட்டுமே நகர்கிற ஆள், பள்ளிக்கூடத்திலிருந்தே.

டாக்டர் தண்ணீரில் நடக்கச் சொன்னதால், மருமகன் திருச்சியில் கட்டுகிற வீட்டில் ஒரு நீச்சல் குளமும் வருகிறது, பராமரிப்புக்கு ஆள் வைப்பதா, நாமே பார்த்துக்கொள்வதா என்று கேட்டிருக்கிறாய். நீங்களே பாருங்கள். ஆள் வைத்தாலும் அளந்து பார்ப்பது உன் கையில் இருக்கட்டும். ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்.

என் பையன் குளம் கட்டியது முந்தின வருஷம் ஆவணியில். எட்டு மீட்டர் நீளம், நாலு மீட்டர் அகலம், சராசரி ஆழம் ஒன்றேகால் மீட்டர். பெருக்கிப் பார், 40,000 லிட்டர். அந்த ஒரு எண்ணைச் சுவரில் எழுதி வை, மற்ற எல்லாக் கணக்கும் அதிலிருந்துதான் வரும். எனக்கு முதலில் இந்தக் குளமே பிடிக்கவில்லை. சேண்பாக்கத்துக் கிணற்றில் சுரைக்குடுக்கையை இடுப்பில் கட்டிக்கொண்டு நாம் நீச்சல் பழகினோமே, அந்தக் கிணறு வறண்டு பல வருஷம் ஆயிற்று. 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டபோது மட்டும் கொஞ்ச நாள் தண்ணீர் நின்றது, போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அப்படிப்பட்ட ஊரில் வீட்டுக்குள் 40,000 லிட்டரா என்று பையனிடம் சண்டை போட்டேன். பேத்திக்கு நீந்தக் கற்றுக்கொடுக்க வேறு தண்ணீர் இல்லை என்றான். பதில் சொல்ல முடியவில்லை.

முதல் எட்டு மாதம் ஒரு ஆள் வந்து பார்த்துக்கொண்டான். வாரம் இருமுறை வருவான், வெள்ளை மாத்திரைகளை மிதவைக் கூட்டில் போடுவான், போவான். சித்திரை பிறந்ததும் தண்ணீர் பச்சை பிடித்தது. பேத்திக்குக் கண் சிவந்தது, மூக்கில் நெடி ஏறியது. குளோரின் அதிகம், குறைக்க வேண்டும் என்று அவன் சொன்னான். எனக்கு அது சரியாகப் படவில்லை. குளோரின் அதிகமான தண்ணீர் எப்படிப் பச்சையாகும்?

31 வருஷம் தோல் பதனிடும் ஷாப்பு லேபில் நின்றவனுக்குக் கை சும்மா இருக்குமா? தண்ணீரைச் சோதிக்கும் சொட்டு மருந்துப் பெட்டி ஒன்று வாங்கினேன். பழைய நாள் ஞாபகம் வந்துவிட்டது தனபால். குரோமியத்தில் பதனிடும் டிரம்மிலிருந்து எடுத்த தோலை அறுத்து, வெட்டு முகத்தில், புளிப்புக்கு ஏற்ப நிறம் மாறும் புரோமோகிரிசால் கிரீன் சொட்டு விட்டு, நிறத்தைப் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை டிரம்மைத் திறக்க விடமாட்டேன். அதே வேலைதான் இதுவும். சொட்டு விடு, நிறத்தைப் பார், அப்புறம் கையை வை.

அந்த நெடி குளோரின் மிகுந்ததால் வருவதில்லை. வியர்வை, சிறுநீர், உடம்பு அழுக்கு இவற்றோடு குளோரின் சேர்ந்து குளோரமின் ஆகிறது. கண்ணை எரிப்பதும் மூக்கைத் துளைப்பதும் அதுதான். நல்ல குளத்தில் நெடி அநேகமாக இருக்காது. அதனால் இறங்கும் முன் இரண்டு சொம்பு தண்ணீர் ஊற்றிக் குளித்துவிட்டு இறங்க வேண்டும் என்று இங்கே சட்டம். சம்பந்தி வந்தாலும் அதேதான்.

பச்சைக்குக் காரணம் அந்த மாத்திரை. அதில் குளோரினோடு சயனூரிக் அமிலமும் இருக்கிறது. அது கெட்டதில்லை, வெயிலில் குளோரின் அழியாமல் காக்கும் குடை அது. அது இல்லாவிட்டால் நம்ம ஊர் மே மாத வெயிலில் காலையில் போட்ட குளோரின் மதியத்துக்குள் காலி. 30லிருந்து 50 பிபிஎம் (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்) வரை இருந்தால் போதும். ஆனால் மாத்திரை வழியாக 10 பிபிஎம் குளோரின் போனால் 6 பிபிஎம் சயனூரிக் கூடவே போகிறது. குளோரின் வேலை செய்து தீர்ந்துவிடும், சயனூரிக் அப்படியே தங்கும். தங்கித் தங்கிச் சேரும். அளவு மீறினால் குளோரினையே கட்டிப்போட்டுவிடும். அதை அளக்கிற முறை எனக்குப் பிடித்துப்போயிற்று. மருந்து கலந்ததும் தண்ணீர் பால் போலக் கலங்கும். அதைக் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும், அடியில் உள்ள கறுப்புப் புள்ளி எங்கே மறைகிறதோ அதுதான் அளவு. எனக்குப் புள்ளி உடனே மறைந்துவிட்டது. பாதிக்குப் பாதி நல்ல தண்ணீர் கலந்து மறுபடி பார்த்தேன், 80. அப்படியானால் நிஜம் 160. அந்த நிலையில் குளோரின் குறைந்தது 12 பிபிஎம் இருந்தால்தான் பாசி அடங்கும். இருந்ததோ 2.

சயனூரிக்கைப் போக்க வீட்டில் செய்யக்கூடிய வழி ஒன்றே ஒன்று. தண்ணீரை இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விட வேண்டும். வேலூரில் உட்கார்ந்துகொண்டு அதை எழுதவே எனக்குக் கை கூசுகிறது.

புதுத் தண்ணீர் என்றால் எங்கள் போர் தண்ணீர். கடினத்தன்மை, அதாவது கரைந்த சுண்ணாம்பு வகை உப்பு, 600 பிபிஎம். குளத்துக்கு 200 முதல் 400 வரைதான் நல்லது. குளத்தில் அளந்தால் 900! இது எங்கிருந்து வந்தது என்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கோடையில் தினம் ஏழு மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வை. 32 சதுர மீட்டருக்கு அது 224 லிட்டர். அதை ஈடுகட்ட அதே 600 பிபிஎம் போர் தண்ணீர். ஒரு நாளைக்கு 134 கிராம் உப்பு புதிதாக இறங்குகிறது, பழையது எங்கும் போவதில்லை. மாதம் 100 பிபிஎம் ஏறும். மழை வழிந்தும் ஃபில்டரைத் திருப்பிக் கழுவியும் கொஞ்சம் வெளியேறியிருக்கிறது, அதனால்தான் 900த்தோடு நின்றது. ஓடு பதித்த விளிம்பில் வெள்ளை வெள்ளையாய்ப் பொருக்குக் கட்டியிருந்ததும் இதனால்தான். இந்தத் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் போட்டால் இன்னும் சுண்ணாம்பைச் சேர்த்த மாதிரி.

அந்த 134 கிராமைப் பார்த்ததும் அன்று தூக்கம் வரவில்லை. நாங்கள் தோல் ஷாப்பில் செய்தது இதே கணக்குத்தானே. பச்சைத் தோலைப் பதப்படுத்திய உப்பில் பெரும்பகுதி ஊற வைத்த தண்ணீரோடு போனது. குரோமியத்தைச் சுத்திகரிப்பு நிலையம் பிடித்தது, கரைந்த உப்பைப் பல வருஷம் பிடிக்கவில்லை. 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, நம்ம பக்கத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் பயிருக்கு ஓரளவோ முழுதுமோ ஆகாமல் போனது என்று வேளாண் ஆராய்ச்சி மையம் கண்டதை அதில் எடுத்துக்காட்டியிருந்தார்கள். அன்று அதைப் பேப்பரில் படித்துவிட்டு நான் வேலைக்குப் போனேன். குழந்தை குட்டி இருந்தது, போனேன். இப்போது என் கையில் ஒரு தொட்டித் தண்ணீர்தான் இருக்கிறது. அதையாவது சரியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

அதனால் டேங்கர் வரவழைக்கவில்லை. அந்தக் கோடை முழுக்கப் பேத்தியை இறக்கவில்லை, அழுதாள். குளோரினை ஏற்றிப் பாசியை மட்டும் அடக்கி வைத்தேன். புரட்டாசியில் குளோரின் போடுவதை நிறுத்தி, அளவு பூஜ்யம் என்று சொட்டு காட்டிய பிறகு, முக்கால் பங்கைச் சிறிது சிறிதாகத் தென்னைக்குப் பாய்ச்சினோம். தென்னை உப்பைத் தாங்கும். கால் பங்கு வேண்டுமென்றே விட்டுவைத்தேன். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஏறும்போது காலித் தொட்டி கீழிருந்து தூக்கிக்கொள்ளும், உன் மருமகனிடம் இதை மறக்காமல் சொல். ஐப்பசி முழுவதும் மாடித் தண்ணீர் முழுக்கக் குழாய் வழியாகக் குளத்துக்கு. முதல் மழையை வெளியே விட்டுவிட்டோம். நிரம்பியதும் அளந்தேன். சயனூரிக் 40. கடினத்தன்மை 225. தனபால், அந்தக் கறுப்புப் புள்ளி குழாயின் பாதிக்கு மேலும் தெரிந்துகொண்டே இருந்தபோது என் கை நடுங்கியது.

பிஎச்சை நிலையாக நிறுத்துகிற காரத்தன்மை 50க்கு இறங்கியிருந்தது, 80ஆவது வேண்டும். சமையல் சோடா இரண்டு கிலோ போட்டதும் சரியாயிற்று.

இப்போது தினசரி வேலை பத்து நிமிஷம். மாத்திரை இல்லை, திரவக் குளோரின்தான் (சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல்). 10 சதவீதம் என்றால் எங்கள் குளத்தில் 400 மில்லி போட்டால் 1 பிபிஎம் ஏறும். வெயில் சாய்ந்த பிறகு, மோட்டார் ஓடும்போது ஊற்றுகிறேன். கோடையில் நாளுக்கு ஒரு லிட்டர் ஆகிறது. சின்ன கேனாக வாங்கி நிழலில் வை, சூட்டில் அதன் வீரியம் போய்விடும். பிஎச், அதாவது புளிப்பா காரமா என்று காட்டும் அளவு, 7.4, 7.5 அருகில் நிற்க வேண்டும். 8க்கு ஏறினால் குளோரினில் கால் பங்குகூட வேலைக்கு உதவாது. 7.8 தொட்டால் அரை லிட்டர் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டை ஒரு வாளித் தண்ணீரில் ஊற்றி, பிறகு குளத்தில். ஆசிட்டைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், மாற்றிச் செய்யாதே. ஆசிட்டும் குளோரினும் ஒரே அலமாரியில் கூட இருக்கக் கூடாது, கலந்தால் விஷ வாயு. சல்ஃபைடு சுண்ணாம்புத் தண்ணீரில் ஆசிட் பட்டால் தோல் ஷாப்பில் என்ன ஆகும் என்று அறிந்தவன் சொல்கிறேன், விளையாட்டில்லை.

இன்னொன்று. குளோரினை அளக்கச் சொட்டு விட்டதும் ரோஸ் நிறம் ஒரு கணம் எட்டிப் பார்த்து மறைந்தால் குளோரின் இல்லை என்று நினைக்காதே. மிக அதிகமாக இருந்தாலும் நிறம் வெளுத்துவிடும். நான் அதில் ஏமாந்து மேலும் இரண்டு லிட்டர் ஊற்றினேன், துண்டெல்லாம் வெளுத்துப்போயிற்று. சந்தேகம் வந்தால் ஒரு பங்குக்கு நாலு பங்கு குடிதண்ணீர் கலந்து அளந்து ஐந்தால் பெருக்கிக்கொள்.

பேத்தி இப்போது குறுக்காக நீந்திவிடுகிறாள். காலையில் குழாயைப் பிடித்துக்கொண்டு அவளே நிறம் சொல்கிறாள்.

ஆடிக் கிருத்திகைக்கு முன்னால் தங்கச்சியையும் அழைத்துக்கொண்டு வா. ஆற்காடு மக்கன் பேடா வாங்கி வைக்கிறேன். உன் முட்டிக்கு இந்தக் குளத்திலேயே நடக்கலாம், படிக்கட்டில் கைப்பிடி போட்டாயிற்று. வரும்போது மருமகன் வீட்டு போர் தண்ணீரை ஒரு லிட்டர் பாட்டிலில் விளிம்பு வரை நிரப்பி, மூடி இறுக்கிக் கொண்டு வா. இங்கே உட்கார்ந்து அளந்துவிடுவோம்.

உன்
முருகேசன்