பிறந்த ஆண்டுக்கு ஓர் அணி: கால்பந்து சம்மேளனத்துக்கு ஒரு திறந்த மடல்

அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் செயற்குழுவுக்கும் தொழில்நுட்பக் குழுவுக்கும்,

வணக்கம்.

17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை 2025 முதல் ஆண்டுதோறும் நடக்கிறது. 2029 வரை ஐந்து முறையும் கத்தாரில்தான். 24 அணிகள் ஆடிய இடத்தில் இப்போது 48. போட்டியை நடத்தும் கத்தாரைத் தவிர ஆசியாவுக்கு 8 இடங்கள். ஆசியக் கோப்பையில் காலிறுதிக்குள் நுழைந்துவிட்டால் உலகக் கோப்பைக்கு டிக்கெட் உறுதி. வாய்ப்பு பெருகிவிட்டது என்று எல்லோருக்கும் மகிழ்ச்சி. எங்களுக்கும்தான். ஆனால் இந்த அணியை நீங்கள் இதுவரை கட்டிவந்த முறை, இரண்டாண்டுக்கு ஒருமுறை நடந்த போட்டிக்காக ஏற்பட்டது. அதை அப்படியே வைத்துக்கொண்டு ஆண்டுக்கு ஒரு போட்டிக்குப் போக முடியாது. இந்த மடல் அதைப் பற்றியது.

பழைய கணக்கை முதலில் பார்ப்போம். இளையோர் அணியின் வரலாற்றைப் போட்டிகளின் பட்டியலாக எழுதினால் குழப்பமே மிஞ்சும். ஆசியப் போட்டி 2018 வரை 16 வயதுக்குட்பட்டோருக்கு என்றிருந்தது, 2023-ல் 17 வயதுக்குட்பட்டோருக்கு என்று மாறியது. பெயர்தான் வேறு, கதை ஒன்று. பிறந்த ஆண்டை வைத்துப் பார்த்தால் எல்லாம் தெளிந்துவிடும். 2016-ல் கோவாவில் ஆசியப் போட்டி ஆடியதும் 2017-ல் உலகக் கோப்பை ஆடியதும் ஒரே வரம்புக்காரர்கள்: 2000 ஜனவரி 1-க்குப் பிறகு பிறந்தவர்கள். 2018-ல் மலேசியாவில் ஆடியது 2002-ன் அணி, அதாவது 2002 ஜனவரி 1 முதல் பிறந்தவர்கள். 2020-ல் பஹ்ரைனில் ஆடியிருக்க வேண்டியது 2004-ன் அணி. தாஷ்கண்டில் தகுதிச்சுற்றை வென்றது, கொரோனாவால் போட்டியே ரத்தானது. 2023-ல் தாய்லாந்தில் ஆடியது 2006-ன் அணி.

எல்லாம் இரட்டைப்படை ஆண்டுகள். ஒற்றைப்படை ஆண்டில் பிறந்த பையன் தன்னைவிட ஒரு வயது மூத்தவனோடு மோதித்தான் உள்ளே வரவேண்டும். பதினைந்து வயதில் ஓராண்டு என்பது உயரத்திலும் எடையிலும் ஓட்டத்திலும் எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பது உங்கள் பயிற்சியாளர்களுக்குத் தெரியும்.

அப்படியும் மோதி உள்ளே வந்தவர்கள் யார் என்று பாருங்கள். 2017 அக்டோபர் 9, டெல்லி ஜவாஹர்லால் நேரு மைதானம், கொலம்பியாவுடன் ஆட்டம். 82-வது நிமிடத்தில் சஞ்சீவ் ஸ்டாலின் எடுத்த கார்னரை ஜீக்சன் சிங் தலையால் முட்டி வலைக்குள் அனுப்பினார். ஃபிஃபா உலகக் கோப்பை எதிலும் இந்திய ஆண்கள் அணி அடித்த ஒரே கோல் அது. கார்னர் எடுத்தவர் 2001-ல் பிறந்தவர். முட்டியவரும் 2001. அணித்தலைவர் அமர்ஜித் சிங் கியாமும் 2001. அந்த ஆண்டில் பிறந்தோருக்கென்று தனியாக ஓர் அணி இருந்ததே இல்லை. இவர்கள் இடுக்கில் புகுந்து வந்தவர்கள். புக முடியாமல் போனவர்கள் எத்தனை பேர் என்பதற்கு உங்களிடம் பதிவும் கிடையாது.

அந்த அணி அமெரிக்காவிடம் 0-3, கொலம்பியாவிடம் 1-2, கானாவிடம் 0-4 என்று மூன்றிலும் தோற்றது. போட்டியை நடத்திய நாடு என்பதால் தகுதிச்சுற்று ஆடாமல் கிடைத்த இடம் அது. தயாரிப்பிலும் நடுவே ஓர் உடைப்பு. 2015-லிருந்து பயிற்சி தந்த ஜெர்மனியின் நிக்கோலாய் ஆடம் 2017 தொடக்கத்தில் விலக, மார்ச்சில் போர்ச்சுகலின் லூயிஸ் நார்ட்டன் டி மாட்டோஸ் வந்தார். போட்டிக்கு ஏழே மாதம். இத்தனைக்கும் பிறகு அந்த அணிதான் நாட்டின் மூத்த அணிக்கு அதிகம் கொடுத்தது: ஜீக்சன், சுரேஷ் சிங், அபுயா, அன்வர் அலி, ரஹீம் அலி, அமர்ஜித். மூன்று ஆட்டத்திலும் தோற்ற அணியால் இது எப்படி முடிந்தது?

உலகக் கோப்பை முடிந்ததும் அவர்களைக் கலைக்காமல் இந்தியன் ஏரோஸ் என்ற பெயரில் தொழில்முறை கிளப்புகளின் லீக்கான ஐ-லீக்கில் ஆடவைத்தீர்கள். அதுதான் காரணம். நவம்பர் 29 அன்று முதல் ஆட்டத்திலேயே சென்னை சிட்டி அணியை 3-0 என்று வென்றார்கள். அனிகேத் ஜாதவ் இரண்டு, போரிஸ் சிங் ஒன்று. நம் ஊர் அணிதான் அடிவாங்கியது, அதை இங்கே சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை. சீசன் முடிவில் பத்து அணிகளில் கடைசி இடம். ஆனால் கடைசிக்கு வந்தாலும் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளுவதில்லை என்று விதியிலேயே விலக்கு இருந்தது. ஆகவே தோல்வி பயத்தில் வெளிநாட்டு ஸ்ட்ரைக்கரை எடுக்கவேண்டிய நெருக்கடி இல்லை. 16 முதல் 18 வயதுக்குள் 18 லீக் ஆட்டங்கள், எதிரே வளர்ந்த ஆண்கள், வாராவாரம். கிளப்பில் இருந்தால் அந்த வயதுப் பையன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். பல கிளப்புகளில் பெஞ்சுக்கும் வரமாட்டான்.

அடுத்து வந்த 2002-ன் அணி, ஆட்டத்தை வைத்துப் பார்த்தால் இன்னும் நல்ல அணி. பிபியானோ ஃபெர்னாண்டஸ் பயிற்சியில் மலேசியா போய் வியட்நாமை 1-0 என்று வென்றது, ஈரானோடும் இந்தோனேசியாவோடும் 0-0 டிரா செய்தது. குழு ஆட்டங்களில் ஒரு கோல்கூட வாங்கவில்லை. காலிறுதியில் தென் கொரியாவிடம் 0-1. அன்று ஆசியாவுக்கு நான்கே இடம், அரையிறுதிக்குப் போனால்தான் உலகக் கோப்பை. இன்றைய விதி அன்று இருந்திருந்தால் அவர்கள் போயிருப்பார்கள். அந்த அணியின் விக்ரம் பர்தாப் சிங்கும் ஏரோஸில் ஆடித்தான் மேலே வந்தார்.

2022-ல் ஏரோஸைக் கலைத்தீர்கள். வயதுவாரி லீக் போதும் என்பது அன்றைய கணக்கு. அதன் விளைவு 2004, 2006-ன் அணிகள் மீது விழுந்தது. 2006-ன் அணி 2022 செப்டம்பரில் கொழும்பில் நேபாளத்தை 4-0 என்று வென்று தெற்காசியக் கோப்பையைத் தூக்கியது. அடுத்த ஆண்டு தாய்லாந்தில் ஜப்பானிடம் 4-8. ஜப்பானுக்கு எதிராக நான்கு கோல் அடிக்கத் தெரிந்த பையன்கள் எட்டு வாங்குகிறார்கள் என்றால் கோளாறு திறமையில் இல்லை. பந்து கைமாறிய அடுத்த நொடி தற்காப்பாளர்கள் எங்கே நிற்க வேண்டும் என்பது, அந்த வேகத்தில் ஆடும் எதிரியோடு மாதம் இரண்டு முறையாவது மோதினால்தான் உடம்பில் ஏறும். தெற்காசியக் கோப்பையில் அந்த வேகம் கிடைக்காது. 2008-ன் அணி ஆடிய 2024 தகுதிச்சுற்றும் இதே பாடம்தான்: புருனேயை 13-0, துர்க்மெனிஸ்தானை 1-0, பிறகு தாய்லாந்திடம் 2-3 என்று தோற்று வெளியேற்றம். பதின்மூன்று கோல் அடித்த ஆட்டம் எதையும் கற்றுத்தரவில்லை.

2025 நவம்பர் 30 அன்று அகமதாபாத்தில் ஈரானை 2-1 என்று வென்று 2009-ன் அணி ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. ஒற்றைப்படை ஆண்டு! தனக்கென்று அணி கிடைத்ததும் என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

இனி நாங்கள் கேட்பது. எந்த நேரத்திலும் மூன்று பிறந்த ஆண்டு அணிகள் உங்கள் கையில் இருக்க வேண்டும். அடுத்த ஆண்டு ஆசியக் கோப்பைக்கான அணி, அதற்கு அடுத்தது, அதற்கும் அடுத்தது. ஒவ்வொன்றிலும் 40 பேர், அவர்களில் நால்வர் கோல்கீப்பர். மூன்றுபேர் போதும் என்று விட்டால் ஒருவருக்குக் காயம் பட்டதும் பயிற்சி ஆட்டத்தில் இரு பக்கமும் சரியான கீப்பர் இருக்கமாட்டார்கள், அந்த வாரப் பயிற்சியே பாழ். தகுதிச்சுற்று போட்டிக்கு முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களில் வருகிறது. ஆகவே 40 பேர் பட்டியல் அதற்குக் குறைந்தது 18 மாதம் முன்பே தயாராக வேண்டும். பயிற்சியாளர் வயதுப் பிரிவோடு நிற்காமல் அணியோடு மேலே போகட்டும். இன்றைய ஏற்பாட்டில் ஒரு பையன் இரண்டாண்டில் மூன்று பயிற்சியாளரிடம் மூன்று விதமாகத் தற்காப்பு கற்கிறான்.

நாற்பதில் பத்து இடத்தை ஜூலைக்குப் பிறகு பிறந்தவர்களுக்கு ஒதுக்குங்கள். வரம்பு ஜனவரி 1 என்பதால் தேர்வு முகாமில் ஜனவரி, பிப்ரவரிப் பையன்களே பெரியவர்களாகத் தெரிவார்கள், தேர்வாளர் கண் அவர்கள் மேல்தான் போகும். டிசம்பரில் பிறந்தவன் ஏறக்குறைய ஒரு வயது இளையவன். இந்தப் பத்துப் பேரை உடனே ஆட்டத்தில் இறக்க வேண்டியதில்லை, முகாமில் வைத்திருந்தால் போதும். ஓராண்டு கழித்து உயரத்தை மறுபடி அளந்து பாருங்கள்.

வயதுச் சோதனையைக் கடைசியில் வைப்பதுதான் ஆண்டாண்டாக நடக்கும் வீண்செலவு. ஃபிஃபா 2009 முதல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் மணிக்கட்டு எம்ஆர்ஐ எடுக்கிறது. முன்கையின் ஆர எலும்பு நுனியில் உள்ள வளர்ச்சித் தட்டு எந்த அளவுக்கு எலும்போடு இணைந்திருக்கிறது என்பதை ஆறு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஆறாவது நிலை, அதாவது முழுதும் இணைந்துவிட்டது என்றால் பையன் ஆட முடியாது. இந்தச் சோதனை வயதைச் சொல்லாது. வரம்பைத் தாண்டியவர் என்பதற்கான வலுவான அடையாளத்தை மட்டுமே காட்டும். அரிதாக உண்மையிலேயே வரம்புக்குள் இருப்பவரும் இதில் மாட்டுவார். மாவட்டத் தேர்விலும் மாநிலத் தேர்விலும் பிறப்புச் சான்றிதழை நம்பிவிட்டு, தேசிய முகாமில் ஆறு மாதம் சோறுபோட்டுப் பயிற்சி தந்த பிறகு ஸ்கேன் எடுத்தால், நால்வர் வெளியேறும்போது அணியின் நடு எலும்பே உடைகிறது. பட்டியல் போட்ட முதல் வாரத்தில் எடுங்கள். ஐந்தாம் நிலையில் இருப்பவனுக்கு ஆறு மாதத்தில் மறுபடி எடுங்கள். இன்று தேறியவன் போட்டிக்கு முன் ஆறாவது நிலைக்குப் போய்விடலாம். வெளியேறுகிறவனைக் குற்றவாளிபோல் வீட்டுக்கு அனுப்பாமல் 20 வயதுக்குட்பட்டோர் பட்டியலுக்கு மாற்றுங்கள்.

பெண்கள் அணிக்கும் இதே கணக்குதான். 2020-ல் நடக்கவேண்டிய உலகக் கோப்பைக்காகத் திரட்டியவர்கள் 2003-லும் அதற்குப் பிறகும் பிறந்தவர்கள். போட்டி 2022-க்குப் போனதும் வரம்பு 2005 ஆனது. மூத்த பெண்கள் வெளியே, புதிதாக வேறு அணி. அதற்கிடையில் அந்த ஆண்டு ஆகஸ்டில் உங்கள் சம்மேளனத்தின் மீது ஃபிஃபாவின் தடை வேறு. உலகக் கோப்பையில் அமெரிக்காவிடம் 0-8, மொராக்கோவிடம் 0-3, பிரேசிலிடம் 0-5. இளைய ஆண்டுகளின் அணிகள் கையில் இருந்திருந்தால் புதிதாகத் தொடங்கவேண்டி இருந்திருக்காது.

ஏரோஸைத் திரும்பக் கொண்டுவருவதா, கிளப்புகளிடம் ஒப்பந்தம் போடுவதா என்பது உங்கள் முடிவு. எங்களுக்கு முதலாவதுதான் சரி என்று படுகிறது. இரண்டாவதானால் வெறும் ஒப்பந்தம் போதாது. 17 முதல் 20 வயது வரை தேசிய அணிப் பையன் ஒவ்வொருவனும் ஆடிய நிமிடங்களை மாதாமாதம் வெளியிடுங்கள். சீசனுக்கு 900 நிமிடம், அதாவது பத்து முழு ஆட்டம், குறைந்தபட்சம் என்று வையுங்கள். அதை எட்டாதவனை ஜனவரியில் கீழ்ப்பிரிவு அணிக்குக் கடனாக அனுப்ப வழி வேண்டும்.

கடைசியாகப் பதிவேடு. 1974-ல் பாங்காக்கில் ஷபீர் அலி தலைமையிலான அணி இறுதியாட்டத்தில் ஈரானுடன் 2-2 என்று டிரா செய்து, ஆசிய இளையோர் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டது. இளையோர் உலகப் போட்டி தொடங்கியதே 1977-ல்தான், ஆகவே அவர்களுக்குப் போக மேடை இல்லை. அந்தத் தொடரின் ஆட்ட விவரம் முழுதாக உங்கள் இணையத்தில் இருக்க வேண்டும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தேதி, மைதானம், ஆடிய பதினொருவர், மாற்று வீரர்கள், நிமிடங்கள், பிறந்த தேதி, சொந்த மாவட்டம், வளர்த்த அகாடமி இவ்வளவும் வேண்டும். வீரருக்கு ஓர் எண் கொடுங்கள். மணிப்பூர்க்காரர்களின் குடும்பப் பெயர் ஓரிடத்தில் முன்னால், ஓரிடத்தில் பின்னால். ஒரே வீரர் லாலெங்மாவியா என்று ஒரு பட்டியலிலும் அபுயா என்று இன்னொன்றிலும் இருந்தால் இரண்டு பேர் என்று எண்ணுகிறார்கள். எண் இருந்தால் இந்தக் குழப்பம் வராது.

2012-ல் பிறந்தவர்கள் 2029-ல் ஆட வேண்டியவர்கள். அவர்களுக்கான முதல் தேர்வு முகாம் எந்த மாதம், எந்த மாவட்டங்களில் என்பதை அடுத்த செயற்குழுக் கூட்டத்துக்குப் பின் அறிவியுங்கள்.

இப்படிக்கு,
இளையோர் கால்பந்து ஆட்டங்களைப் பதிவு செய்துவரும் சிலர்