முன்னறிவிப்பின்றி மாற்றப்பட்ட நீட்சி இடைமுகம் குறித்த புகார்

அனுப்புநர்
நிறுவனர்,
நிரலாளர் கருவிகள் உருவாக்கும் சிறு நிறுவனம்,
கோயம்புத்தூர்.

பெறுநர்
வாடிக்கையாளர் குறைதீர் அலுவலர் அவர்கள்,
கோட் எடிட்டர் பிரிவு.

பொருள்: தளப் புதுப்பித்தலால் எங்கள் பயனர்களின் கோப்புகள் அழிந்தமை – நிவாரணம் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

இணையத்தில் இயங்கும் தங்கள் கோட் எடிட்டருக்கான நீட்சி (கூடுதல் வசதி தரும் துணைநிரல்) ஒன்றை, ஐந்து பேர் கொண்ட எங்கள் நிறுவனம் ஓராண்டுக்கும் மேலாகப் பராமரித்து வருகிறது. நிரலாளர் கோப்பைச் சேமித்ததும் அதன் வடிவத்தைச் சீர்செய்து தருவதே அதன் வேலை.

கடந்த வெள்ளிக்கிழமை இரவு தங்கள் தளம் புதுப்பிக்கப்பட்டது. அதுவரை, கோப்பு சர்வரில் எழுதப்பட்ட பிறகே ‘சேமிப்பு முடிந்தது’ என்ற அறிவிப்பு எங்கள் நீட்சிக்கு வரும். இப்போது அதே பெயருள்ள அறிவிப்பு, எழுதப்படுவதற்கு முன்பே வருகிறது. ஆகவே நீட்சி, சர்வரில் இருந்த பழைய கோப்பை எடுத்துச் சீர்செய்து, பயனர் அப்போதுதான் தட்டச்சு செய்திருந்த வரிகளின் இடத்தில் வைத்துவிடுகிறது. திங்கட்கிழமை காலை சேலத்திலிருந்து அழைத்த ஒரு நிரலாளரிடம் திரையைப் பகிரச் சொல்லிப் பார்த்தேன். அவர் சேமிப்புப் பொத்தானை அழுத்திய மறுநொடி, புதிதாக எழுதிய நாற்பது வரிகள் மறைந்து பழைய ஃபங்ஷன் வந்து நின்றது. அவரைப் பொறுத்தவரை அது எங்கள் பிழை. அவர் பணம் கட்டியது எங்களுக்குத்தான்.

பெயர் மாறாததால் எங்கள் சோதனைகள் எதிலும் இது சிக்கவில்லை. தளம் முழுவதும் தங்கள் சர்வரில் இயங்குவதால், பழைய பதிப்பிலேயே தங்கிவிடவும் எங்களுக்கு வழியில்லை. தங்கள் ஆவணப் பக்கமோ இன்றுவரை பழைய நடத்தையையே விவரிக்கிறது.

நீட்சிகள் தங்கள் தளத்துடன் தொடர்புகொள்ளும் இடைமுகத்தின் பதிப்பு எண் 0.9 என்பதை அறிந்தேதான் வந்தோம். மென்பொருள் பதிப்பு எண்களுக்குப் பொருள் வகுக்கும் செமாண்டிக் வெர்ஷனிங் முறைப்படி, 0-இல் தொடங்கும் பதிப்பில் எதுவும் எப்போதும் மாறலாம். அந்த அபாயத்தில் எங்களுக்கும் பங்குண்டு, மறுக்கவில்லை. ஆனால் ‘வணிகப் பயன்பாட்டுக்கு முழுமையாகத் தயார்’ என்று தங்கள் விற்பனைப் பிரிவு எழுத்தில் உறுதியளித்த பின்னரே நாங்கள் ஆண்டுக் கட்டணம் செலுத்தினோம். முதிராத தளத்தை முதிராதது என்று சொல்லியே விற்றிருக்க வேண்டும்.

ஃபயர்பாக்ஸ் உலாவியின் பழைய நீட்சி முறையைக் கைவிடுவதாக மொசில்லா 2015 ஆகஸ்டில் அறிவித்து, 2017 நவம்பரில் வெளியான 57-ஆம் பதிப்பில்தான் நிறுத்தியது. செயலி உருவாக்குநர்களுக்கான பார்ஸ் (Parse) தளத்தை மூடிய ஃபேஸ்புக், 2016 ஜனவரியில் அறிவித்து ஓராண்டு அவகாசம் தந்ததுடன், அதன் சர்வர் மென்பொருளைத் திறமூலமாகவும் வெளியிட்டது. அவற்றை நம்பியிருந்தவர்களுக்கும் இழப்பு நேர்ந்தது என்றாலும், வேறு வழி தேட நேரம் கிடைத்தது. எங்களுக்கு ஒரு மின்னஞ்சல்கூட வரவில்லை.

எனவே, பழைய அறிவிப்பை முன்பிருந்தபடியே மீட்டு, புதியதற்கு வேறு பெயர் இடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இனி இத்தகைய மாற்றங்களை 90 நாள்களுக்கு முன்பே தெரிவித்து, சோதித்துப் பார்க்கத் தனிச் சூழலும் தர வேண்டும்; நடப்புக் காலாண்டின் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும். எல்லாவற்றிலும் அவசரமானது ஒன்று: தற்காலிக வரைவுகளைத் தங்கள் சர்வர் 7 நாள்களே வைத்திருக்கும் என்று ஆவணம் கூறுகிறது. பாதிக்கப்பட்ட பயனர்களின் பட்டியலை இணைத்துள்ளேன். அவர்களின் வரைவுகளை வரும் வெள்ளிக்கிழமைக்குள் மீட்டுத் தருமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நிறுவனர்.