அந்தப் பட்ட மரத்தை வெட்டாதீங்க: ஏரிக் குத்தகைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அண்ணன்மாருக்கு வணக்கமுங்க. ஞாயிற்றுக்கிழமை காலையில் கரையில் நின்று ஜிலேபி மீன் வாங்கிப் போகிற, எடையில் பேரம் பேசாத ஆள்தான் எழுதுகிறேன்.

போன தை மாசம் 'கழுகு மீனெல்லாம் அள்ளுது' என்று வெடி போட்டு விரட்டினீர்களே, அது விரால் அடிப்பான். கடலோரம், கழிமுகம், பெரிய அணைகள் என்று குளிர்காலத்துக்கு வந்து தங்குகிற பறவை. சேர்வராயன் மலை தெரிகிற நம்ம ஏரியில் பத்து வருசத்தில் நான் பார்த்தது மூன்றே தடவை.

வெடிக்கு முன்னால் அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தென்னை உயரத்துக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நின்றது, அப்புறம் காலை முன்னால் நீட்டிக்கொண்டு தொபுக்கென்று விழுந்து, கிட்டத்தட்ட முழுசாக முங்கி, ஒரு ஜிலேபியோடு எழுந்து, பறந்துகொண்டே நனைந்த நாய் மாதிரி உடம்பை உதறியது. பிடித்த மீனைத் தலை முன்னால் இருக்கும்படி திருப்பிக்கொண்டது, காற்று தடுக்காமல் இருக்க. வழுக்காமல் பிடிக்க உள்ளங்காலில் முள் முள்ளாக இருக்கும், வெளிவிரலைப் பின்னாலும் மடக்கும். விரால் மூச்சுக்கு மேலே வருகிற நேரம் பார்த்து அடிப்பதைக் கரையில் உட்கார்ந்து கவனித்த யாரோதான் இந்தப் பேரை வைத்திருக்க வேண்டும்.

சரி, உங்கள் நஷ்டத்துக்கு வருகிறேன். அதால் மேல்மட்டத்தில், மூன்றடி ஆழத்துக்குள்தான் பிடிக்க முடியும். கட்லா மேலாக மேய்வதால் சிக்கும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பறவையே ஒன்றரை, இரண்டு கிலோ, உங்கள் இரண்டு கிலோ கட்லாவை எப்படித் தூக்கும்? ஒரு நாளைக்கு அரைக் கிலோ மீன்கூட அதற்குத் தேவைப்படாது. கூட்டமாக இறங்கும் நீர்க்காகத்தின் கோபத்தை இந்த ஒற்றைப் பறவை மேல் காட்டுகிறீர்களோ என்று தோன்றுகிறது. 1972 வனவிலங்குச் சட்டத்தில் இது புலியோடு முதல் அட்டவணையில் இருக்கிறது, மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை.

நடு ஏரியில் பட்டுப்போன கருவேல மரத்தில்தான் அது உட்கார்ந்து தின்னும். வலை மாட்டுகிறது என்று அதை வெட்டப் போவதாகக் கேள்விப்பட்டேன். மரம் இருக்கட்டும், அதில் சிக்கிக் கிடக்கும் பழைய நைலான் வலையை மட்டும் எடுத்துவிடலாம், பறவையின் காலில் சுற்றினால் அவ்வளவுதான். ஐப்பசி முதல் பங்குனி வரை வெடியும் வேண்டாம்.

வருகிற ஞாயிறு பரிசலில் ஒரு இடம் கொடுத்தால் அரிவாளும் சாக்கும் நானே கொண்டுவருகிறேன். மீன் வாங்க எப்படியும் வரத்தானே போகிறேன்.