சிவப்புப் பெட்டி: சோலையப்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சோலையப்பனுக்கு,

நலம். உன் மகளின் திருமணத்துக்கு வர முடியாமல் போனதற்கு அப்போதே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். பதினான்கு மாதம் கழித்துக் கேட்கிறேன். மன்னிக்க மனம் வராவிட்டால் நாலு வரி திட்டியாவது எழுது. மீனாட்சி நலமாக இருக்கிறாள், முழங்கால் மட்டும் சிகாகோக் குளிருடன் இன்னும் சமாதானம் ஆகவில்லை. உனக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது என்று குட்டை ராஜு தொலைபேசியில் சொன்னான். அவன் பேச்சில் பாதியைத் தள்ளுபடி செய்வது நம் வழக்கம் என்றாலும் இதை முழுதாக நம்பிவிட்டேன், ஏனென்றால் இந்தக் கடிதத்துக்கு ஸ்கிரீன் பிரிண்டிங்காரனான உன் கண்தான் வேண்டும்.

சென்ற பிப்ரவரியில் நான் ஒரு பெட்டி வாங்கினேன். எங்கள் ஊரிலிருந்து நாற்பது மைல் தள்ளி, வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த ஒரு முதியவரின் கார்க் கொட்டகையில், கிறிஸ்துமஸ் மரப் பெட்டிகளுக்குப் பின்னால் அது நின்றிருந்தது. ஆளுயரம், மேலிருந்து கீழ்வரை கறுப்புப் பெயிண்ட், காசு போடும் கதவு துருப்பிடித்து, திரை இருட்டாக இருந்தது. காசு போட்டு ஆடும் வீடியோ ஆட்ட இயந்திரம், இங்கே ஆர்கேட் என்று சொல்வார்கள். அதை இறக்கி வைத்தபோது மீனாட்சி, "வீட்டில் ஏற்கெனவே ஒரு பழைய பெட்டி இருக்கிறது, அதுவே நான் சொல்வதைக் கேட்பதில்லை" என்றாள். அவள் எதைச் சொன்னாள் என்பதை நான் விசாரிக்கவில்லை.

பக்கவாட்டுப் பலகை வளைந்து இறங்கும் வாகைப் பார்த்தவுடனே அது 1980களின் தொடக்கத்தில் வந்த, நின்டெண்டோ என்ற ஜப்பானிய நிறுவனத்தின் பெட்டி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த நிறுவனம் அப்போது ஏறக்குறைய ஒரே வடிவப் பெட்டியைப் பல ஆட்டங்களுக்கும் பயன்படுத்தி, நிறத்தையும் ஒட்டுப்படத்தையும் மட்டும் மாற்றிக்கொண்டிருந்தது. டாங்கி காங் என்ற குரங்கு ஆட்டத்துக்கு வெளிர்நீலம். அதன் பிள்ளைக்குரங்கு ஆட்டத்துக்கு, அதாவது 1982இல் வந்த டாங்கி காங் ஜூனியருக்கு, ஆரஞ்சு. கறுப்புக்கு அடியில் நீலம் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு, பின்புற மூலையில் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு உப்புத்தாளால் தேய்த்தேன். சிவப்பு வந்தது, சோலையப்பா. பழைய தபால் பெட்டியின் சிவப்பு.

உனக்கு இதில் என்ன பரபரப்பு என்று தோன்றும். 1980இல் நின்டெண்டோ ரேடார் ஸ்கோப் என்று ஒரு விண்வெளிச் சண்டை ஆட்டத்தை வெளியிட்டது. அமெரிக்கக் கிளையை நடத்தியவர் மினோரு அரகாவா, தலைவர் யமாவுச்சியின் மருமகன். அவர் துணிந்து 3,000 இயந்திரங்களை ஜப்பானிலிருந்து வரவழைத்தார். அவை கப்பலில் வந்து சேர்வதற்குள் மோகம் வடிந்துவிட்டது. ஏறக்குறைய 1,000 மட்டுமே விற்றன. மீதி 2,000 சியாட்டில் பக்கத்தில் ஒரு கிடங்கில் தூங்கின. மாமனாரிடம் மருமகன் கையைப் பிசைந்துகொண்டு நின்ற காட்சியை நம் ஊர் ஆள் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்தப் பெட்டிகளுக்குள் போட ஒரு புதிய ஆட்டம் வேண்டும் என்று, அதுவரை முழு ஆட்டம் ஒன்றையும் வடிவமைத்திராத மியாமோட்டோ என்ற இளம் ஓவியரிடம் வேலை ஒப்படைக்கப்பட்டது. அவர் 1981இல் டாங்கி காங்கைக் கொடுத்தார். அரகாவாவும் அவர் மனைவியும் சில ஊழியர்களும் கிடங்கிலேயே உட்கார்ந்து, ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, உள்ளிருந்த சில்லுகளையும் வெளியிலிருந்த படங்களையும் மாற்றினார்கள். ரேடார் ஸ்கோப் பெட்டி சிவப்பு. ஆகவே அமெரிக்காவில் முதலில் வெளியே போன டாங்கி காங்குகளும் சிவப்பு. ஆட்டம் தீயாகப் பரவிய பிறகு புதிதாகச் செய்யப்பட்டவைதான் நீலம்.

என் பெட்டி அந்த இரண்டாயிரத்தில் ஒன்று என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். கட்டுப்பாட்டுப் பலகையில் யாரோ கூடுதலாக ஆறு துளை போட்டிருக்கிறார்கள். உள்ளே இருந்த மின்பலகை பிற்காலத்துச் சண்டை ஆட்டத்துடையது. ஆனால் சிவப்பு சிவப்புதான்.

இப்போது என் கவலைக்கு வருகிறேன். இரண்டு மாதமாக இது என்னைத் தூங்க விடவில்லை என்று எழுதினால் நீ சிரிப்பாய், ஆகவே ஒன்றரை மாதம் என்று எழுதுகிறேன். கறுப்பை முழுதாக உரித்து, சிவப்பை வெளியே கொண்டுவந்து, குரங்குப் படத்தைப் புதிதாக ஒட்டி, அது 1981இல் எப்படி இருந்ததோ அப்படி நிறுத்த வேண்டும் என்பது முதல் எண்ணம். இங்குள்ள சேகரிப்பாளர்கள் பெரும்பாலும் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் தேய்க்கத் தேய்க்க எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. நான் மீட்க நினைக்கும் அந்த "அசல்" ஏற்கெனவே ஒரு மாற்றுவேலை. சிவப்பு பூசப்பட்டது வேறோர் ஆட்டத்துக்காக, விலைபோகாத ஓர் ஆட்டத்துக்காக. அதன்மேல் குரங்கு வந்து உட்கார்ந்தது. பத்தாண்டு கழித்துக் குரங்கு காசு சம்பாதிக்காதபோது, ஏதோ ஒரு பிட்சாக் கடைக்கு இயந்திரம் வைத்தவன் கறுப்பைப் பூசி, துளை போட்டு, சண்டை ஆட்டத்தை ஏற்றினான். அரகாவா கிடங்கில் செய்ததையேதான் அவனும் செய்தான். முன்னதைச் சரித்திரம் என்றும் பின்னதை அழுக்கு என்றும் நான் எந்த அளவுகோலை வைத்துச் சொல்வது?

இந்தக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வதற்காக வார இறுதிகளில் பழைய பெட்டிகள் இருக்கும் இடங்களையெல்லாம் சுற்றினேன். புரூக்ஃபீல்டில் கேலப்பிங் கோஸ்ட் என்று ஓர் இடம் உண்டு. வாசலில் ஒருமுறை பணம் கொடுத்தால், உள்ளே பல நூறு இயந்திரங்களில் நாள் முழுவதும் காசு போடாமலே ஆடலாம். நான் ஆடவில்லை. மற்றவர்கள் ஆடிக்கொண்டிருக்க, குனிந்தும் மண்டியிட்டும் பலகைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சிறுவன் தன் அம்மாவிடம், அந்தத் தாத்தா எதையோ தொலைத்துவிட்டார் என்று சொன்னான்.

பார்த்ததில் முதலில் பிடிபட்டது ஒரு வேடிக்கை. பக்கவாட்டில்தான் பெரிய ஓவியம்; கடையிலோ இயந்திரங்களை நெருக்கமாக வரிசையில் நிறுத்துவார்கள், ஆகவே அந்த ஓவியத்தை வரிசைக் கடைசிப் பெட்டியில் மட்டுமே பார்க்க முடியும். தலைக்குமேல் ஒளிரும் பெயர்ப்பலகைதான் கூட்டத்தை இழுத்தது. ஆனாலும் பக்கத்து ஓவியத்துக்கு அவ்வளவு உழைத்திருக்கிறார்கள், ஏனென்றால் திரையில் காட்ட அவர்களிடம் கட்டம் கட்டமான புள்ளிகளைத் தவிர வேறெதுவும் இல்லை. 1978இல் டைட்டோ வெளியிட்ட ஸ்பேஸ் இன்வேடர்ஸில் திரையில் இறங்குபவை நண்டும் கணவாயும் போன்ற சின்ன உருவங்கள். அமெரிக்காவில் மிட்வே செய்த பெட்டியின் பக்கத்திலோ உடம்பெல்லாம் மயிர் அடர்ந்த பேருருவங்கள் நிற்கின்றன. அவை ஆட்டத்தில் ஒருமுறைகூட வருவதில்லை. படத்தில் இல்லாத சண்டைக் காட்சியைச் சுவரொட்டியில் வரைந்து, நீ சாத்தூர்த் தியேட்டர்க்காரரிடம் வாங்கிய திட்டு எனக்கு நினைவுக்கு வந்தது.

அந்த ஆட்டத்தின் திரை கறுப்பு வெள்ளை மட்டும்தான். பச்சையும் சிவப்பும் தெரிந்ததற்குக் காரணம், நிறத்தாள் பட்டைகளைக் குறுக்கே வைத்திருந்தார்கள். மிட்வே பெட்டியில் இன்னொரு தந்திரமும் உண்டு: திரையை நேராகப் பார்ப்பதில்லை, உள்ளே படுத்திருக்கும் திரையின் பிம்பம் சாய்ந்த பாதிக் கண்ணாடியில் பட்டு, பின்னால் வரைந்துவைத்த நிலவுக் காட்சியின்மேல் மிதக்கிறது. இதைவிட அடாரியின் வார்லார்ட்ஸ் (1980) எனக்கு அதிகம் பிடித்தது. அதில் நின்று ஆடும் பெட்டிக்குக் கறுப்பு வெள்ளைத் திரை, கண்ணாடி, கோட்டைகள் வரைந்த பின்னணி, இருவர் ஆடலாம். அதே ஆட்டத்தின் மேசைப்பெட்டியில் கண்ணாடி இல்லை, வண்ணத்திரை, நான்கு பக்கமும் நால்வர். பெயர் ஒன்று, விதி ஒன்று; ஆனால் ஆடுபவன் காண்பது இரண்டு வெவ்வேறு உலகம். எது அசல் வார்லார்ட்ஸ் என்று கேட்டால் என்ன பதில் சொல்வாய்?

மேசைப்பெட்டி ஜப்பானியத் தேநீர்க் கடைகளில்தான் பெருகியது. கோப்பையை அதன்மேலேயே வைத்துக்கொள்ளலாம், எதிரில் இருப்பவனின் முறை வந்தால் படம் தலைகீழாகத் திரும்பிக்கொள்ளும். சிறிய உருவத்தில், மரக்கோடு போட்ட தாள் ஒட்டி, ஓவியமே இல்லாமல் அடக்கமாக நிற்கும் காபரே என்ற வகையும் உண்டு. ஓட்டல் வரவேற்பறையில் கூச்சல் போடாமல் இருக்க வேண்டும் என்பதற்காக. கடல் தாண்டினால் நிறமும் மாறும், பெயரும் மாறும். நாம்கோவின் வெள்ளைப் பெட்டியில் பக்மேன் என்று இருந்தவன், அமெரிக்காவில் மஞ்சள் பெட்டியில் பாக்மேன் ஆனான். பழைய பெயரில் முதல் எழுத்தின் வளைவைக் கொஞ்சம் சுரண்டினால் ஆங்கிலத்தில் கெட்ட வார்த்தையாகிவிடும் என்ற பயம்தான் காரணம். நம் பள்ளிக்கூடப் பெயர்ப்பலகையில் நீ செய்த திருத்தத்தைப் பரமசிவம் சார் இன்னும் மறந்திருக்க மாட்டார்.

இனிமேல் எழுதுவது உன் தொழில், கவனமாகப் படி. வில்லியம்ஸ் நிறுவனம் டிஃபெண்டர், ரோபோட்ரான், ஜவுஸ்ட் ஆகிய ஆட்டங்களின் பெட்டிப் பக்கங்களை அச்சடிக்கவே இல்லை. ஸ்டென்சில் வைத்து, நிறத்துக்கு ஒரு தகடாகப் பெயிண்ட் தெளித்திருக்கிறார்கள். ஒரு சேகரிப்பாளர் வீட்டில் இரண்டு ஜவுஸ்ட் பெட்டிகள் அருகருகே இருந்தன. ஒன்றில் விளிம்பு கத்தி போல் இருக்கிறது. மற்றொன்றில் தகடு சரியாக அமுங்காததால் பெயிண்ட் உள்ளே கசிந்து புகைபோல் படர்ந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை வேலை, என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். உன் ஐயா சைக்கிள் மட்கார்டுகளுக்கு வெட்டிய துத்தநாகத் தகடுகளையும், பண்டிகைக்கு முந்தின நாள் வேலையை அவர் வெளியே காட்ட மறுத்ததையும் நினைத்துக்கொண்டு, அந்த வீட்டுக்காரர் காபி கொடுத்ததைக்கூடக் கவனிக்காமல் நின்றேன்.

திரையைச் சுற்றியுள்ள கண்ணாடியையும் தலைப் பலகையையும் பின்புறத்திலிருந்து அச்சடித்திருக்கிறார்கள், ஆகவே வரிசை தலைகீழ்: கறுப்புக் கோடு முதலில், நிறங்கள் பிறகு, வெள்ளை கடைசியில். நீ சாமி படக் கண்ணாடிகளுக்குச் செய்ததேதான். என் பெட்டிக்கான பக்கப்படத்தை இங்கே ஒரு வியாபாரியிடம் வாங்கிப் பார்த்தேன். அசல் போலவே இருக்கும் என்று சொல்லி விற்றான். பூதக்கண்ணாடியில் பார்த்தால் நான்கு நிறப் புள்ளிகளின் இரைச்சல். அந்தச் சிவப்பும் விளக்கடியில் ஆரஞ்சாக அழுகிறது. அசல் ஒட்டுப்படத்தில் சிவப்பு என்றால் ஒரே சிவப்பு, துணி கட்டிய ஒரு அச்சுச் சட்டத்திலிருந்து ஒரு இழுப்பில் இறங்கியது. உன் கடைக்கு எதிரில் ஃப்ளெக்ஸ் இயந்திரம் வந்த ஆண்டு, "இது படம் இல்லை, படத்தின் செய்தி" என்று நீ சொன்னாய். அப்போது நான் உன்னைக் கேலி செய்தேன். திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

ராஜு இன்னொன்றும் சொன்னான். வரும் சித்திரையோடு நீ கடையை மூடப்போவதாகவும், அச்சுச் சட்டங்களை விறகுக்கடைக்குப் போடப்போவதாகவும். இதில் எந்தப் பாதியைத் தள்ளுபடி செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. மூடுவது உன் விருப்பம், உன் முதுகு, உன் கணக்கு. இங்கே உட்கார்ந்துகொண்டு புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் மூன்று சட்டத்தையும் அவற்றில் இழுத்துக் கட்ட நல்ல போல்டிங் துணி கொஞ்சத்தையும் எனக்காக ஒதுக்கி வை.

முடிவு எடுத்துவிட்டேன் என்று சொல்ல முடியாது, பாதி எடுத்திருக்கிறேன். திரைக்கு இடப்பக்கப் பலகையின் கறுப்பு ஏற்கெனவே உரிந்துகொண்டிருந்தது. அதை மட்டும் மெதுவாக எடுத்துச் சிவப்பை வெளியே கொண்டுவருகிறேன். அங்கே ஒட்டுப்படம் வேண்டும், அதை நீதான் அச்சடிக்க வேண்டும். வலப்பக்கக் கறுப்பை அப்படியே விடுகிறேன். அதில் யாரோ ஒரு பையன் சாவியால் தன் அதிக மதிப்பெண்ணைக் கீறிவைத்திருக்கிறான், அதை அழிக்க எனக்குக் கை வரவில்லை. கட்டுப்பாட்டுப் பலகையின் ஆறு துளைகளை அடைத்துப் பட்டி பார்ப்பதா, அப்படியே விடுவதா என்று உன் அபிப்பிராயத்தை எழுது. இது கோழைத்தனமான பாதிவேலை என்று தோன்றினால் அதையும் எழுது.

இத்துடன் இரண்டு பொருள் அனுப்பியிருக்கிறேன். ஒன்று, அசல் ஒட்டுப்படம் ஒன்றின்மேல் வைத்து நான் எடுத்த தடம், நிறத்துக்கு ஒரு தாள். மற்றொன்று, சின்ன உறையில் உரிந்த சிவப்புச் செதில். கண் தெளிந்த கையோடு, வெயிலில் வைத்துப் பார்த்து மை கலக்கு, குழல்விளக்கில் பார்க்காதே. தயவுசெய்து அது திருச்சுழி மஞ்சள் போல ஆகிவிட வேண்டாம்.

என்றும் உன்,
தங்கவேல்