ஜோடி விவாதம் குறித்து உறுப்பினர்களுக்கு

வணக்கம். ‘பொன்னியின் செல்வன்’ நாவலில் இளவரசர் அருள்மொழிவர்மருக்குப் பூங்குழலியே பொருத்தம் என்போரும் வானதியே என்போரும் நடத்திவரும் வாதத்தை நிர்வாகிகளாகிய நாங்களும் ரசித்தே படிக்கிறோம். 1950இல் கல்கி தொடங்கிய தொடருக்கு இன்றும் கட்சி கட்டுகிறார்கள் என்பது மகிழ்ச்சிதான். ஆனால் புதிய உறுப்பினர்கள் சிலர் இப்போதுதான் இரண்டாம் பாகத்தின் இறுதியில், கடலில் தத்தளிக்கும் இளவரசரைப் பூங்குழலி படகில் ஏற்றும் இடத்தில் இருப்பதால், ஐந்தாம் பாகத்தில் யார் யாரை மணக்கிறார்கள் என்பதை இங்கே எழுத வேண்டாம். குந்தவை, வந்தியத்தேவன் ஜோடிக்கு மட்டும் விலக்கு உண்டு. அவர்கள் தம்பதியர் என்பதைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டே சொல்லிவிட்டது. எதிர்க்கட்சியினர் எழுதும் ஒவ்வொரு பதிவுக்கும் வானதி மயங்கி விழும் ஸ்டிக்கரைப் பதிலாக அனுப்புவதையும் தயவுசெய்து நிறுத்திக்கொள்ளுங்கள்.

– நிர்வாகிகள்