கட்டிலுக்குக் கம்பி வேண்டாம், தம்பி

அன்புள்ள தம்பி,

நான் சுகமாக இருக்கிறேன். இடுப்பில் கண்டியிருந்த இடம் நீலம் மாறி மஞ்சளாகிவிட்டது, நோவும் குறைந்துவிட்டது. எலும்பு உடையவில்லை என்று எக்ஸ்ரேயில் தெரிந்ததை அக்கா உனக்குச் சொல்லியிருப்பாள்.

நான் விழுந்த செய்தி கேட்ட அன்றே நீ சிட்னியிலிருந்து, நான் இருக்கிற இந்த முதியோர் இல்லத்தின் தாதிக்குப் போன் எடுத்தாயாம். கட்டிலின் இரண்டு பக்கமும் கம்பியை உயர்த்திவிட வேண்டும், நாற்காலியில் இருக்கும்போது இடுப்புக்குப் பெல்ட் போட வேண்டும், தனியாக நடக்க விடக்கூடாது என்று கேட்டாயாம். தாதி என்னிடம் வந்து, "உங்கள் மகன் இப்படிக் கேட்கிறார், நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்றாள். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று உனக்கு விளங்கப்படுத்தத்தான் இதை எழுதுகிறேன். போனில் என்றால் நீ அழத் தொடங்குவாய், நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

முதலில் கம்பி விஷயம். கம்பி போட்டால் ஆள் விழாது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் எனக்கு விடியப்புறம் நாலரைக்கு முழிப்பு வரும், வந்தவுடன் கழிவறைக்குப் போக வேண்டும். கம்பி குறுக்கே நிற்கிறது என்பதற்காக அந்த அவசரம் நிற்குமா? காலைத் தூக்கிப் போட்டு ஏறிக் கடக்கத்தான் பார்ப்பேன். அப்போது விழுந்தால் கட்டிலின் உயரத்தோடு கம்பியின் உயரமும் சேர்ந்துவிடும். அதைவிட மோசம், மெத்தைக்கும் கம்பிக்கும் இடையில் தலையோ கழுத்தோ அகப்படுவது. அப்படி அகப்பட்டு ஆட்கள் செத்திருக்கிறார்கள். கனடாவின் சுகாதாரத் திணைக்களம் 2008 இல் இதற்கென்றே ஒரு வழிகாட்டல் வெளியிட்டிருக்கிறது. பெல்ட் போட்டு இருத்தி வைத்தால் வேறு ஆபத்து. வயதான காலில் பலம் மளமளவென்று போய்விடும். இன்றைக்கு வோக்கரைப் பிடித்துக்கொண்டு சாப்பாட்டு அறைவரை போகிற என்னை, பிறகு இரண்டு பேர் தூக்கித்தான் கழிவறைக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும்.

இந்த இல்லம் இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தின் சட்டமும் இதில் கண்டிப்பாக இருக்கிறது. ஒருவரைக் கட்டுப்படுத்தி வைப்பதென்றால் முதலில் வேறு வழிகளை யோசித்திருக்க வேண்டும், ஆகக் குறைந்த கட்டுப்பாடாக இருக்க வேண்டும், டொக்டரோ அதற்குத் தகுதியுள்ள தாதியோ எழுதித் தர வேண்டும். அதோடு சம்மதமும் வேண்டும். எனக்கு அறிவு தெளிவாக இருக்கும்வரை அந்தச் சம்மதத்தைக் கொடுக்கவேண்டியது நான்தான். உன்னையும் அக்காவையும் நியமித்து நான் எழுதிய அதிகாரப் பத்திரம், நானே முடிவெடுக்க இயலாத நிலை வந்த பிறகுதான் செல்லும். இதை உன்மேல் கோபத்தில் சொல்லவில்லை, ராசா. உனக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

விழுந்த பிறகு இங்கே என்ன செய்தார்கள் என்று உனக்கு யாரும் முழுதாகச் சொல்லியிருக்கமாட்டார்கள். அடுத்த நாள் தாதி வந்து, நான் படுத்திருக்கும்போது பிரஷர் பார்த்தாள், பிறகு எழும்பி நிற்கச் சொல்லிப் பார்த்தாள். நின்றவுடன் நன்றாக இறங்கியிருந்தது. அதனால்தான் எழும்பிய வேகத்தில் தலை சுற்றியிருக்கிறது. டொக்டர் என் பிரஷர்க் குளிசையின் அளவைக் குறைத்து, கொடுக்கும் நேரத்தையும் மாற்றினார். பிசியோ செய்கிற பையன் என் பழைய செருப்பைப் பார்த்துவிட்டு, குதியை மூடுகிற, அடியில் ரப்பர் வைத்த சப்பாத்துத்தான் வேண்டும் என்றான். அக்கா அன்று பின்னேரமே வாங்கி வந்தாள். கட்டிலை நிலத்தோடு ஒட்டினாற்போல் இறக்கிவிட்டார்கள். தலைமாட்டில் பிடித்து எழும்ப ஒரு சின்னக் கைப்பிடி இருக்கிறது, கழிவறை வாசலில் ஒரு சின்ன வெளிச்சம். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது இதுதான்: இரவு வேலை செய்கிற பிள்ளை நாலேகாலுக்கே வந்து, என்னைக் கட்டில் ஓரத்தில் கொஞ்ச நேரம் இருத்திவிட்டு, பிறகு கூட்டிக்கொண்டு போகிறாள். எனக்கு முழிப்பு வரும் நேரத்துக்கு அவர்கள் தங்கள் வேலையை ஒழுங்குபடுத்தியிருக்கிறார்கள்.

இந்த ஏற்பாடு எல்லாம் என் பராமரிப்புத் திட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. இங்கே ஒவ்வொருவருக்கும் அப்படி ஒன்று உண்டு. வந்து ஆறு கிழமைக்குள் ஆளையும் குடும்பத்தையும் இருத்தி ஒரு கூட்டம் வைக்க வேண்டும், பிறகு வருடத்துக்கு ஒரு தடவையாவது வைக்க வேண்டும். இடையில் குறைந்தது ஆறு மாதத்துக்கு ஒருமுறை திட்டத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். விழுந்தது போல ஏதாவது மாற்றம் வந்தால் அப்போதே மாற்ற வேண்டும். 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டத்தில் குடியிருப்பவர்களுக்கு 29 உரிமைகள் எழுதப்பட்டிருக்கின்றன, வாசலுக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறார்கள். இந்த இடம் முதலாவதாக இங்கே குடியிருப்பவர்களின் வீடு என்று அந்தச் சட்டத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது. அக்கா வாசித்துச் சொன்னபோது எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது.

என் திட்டத்தில் என்ன இருக்கிறது தெரியுமா? விடிய ஐந்து மணிக்கு இஞ்சி போட்ட பால் இல்லாத தேத்தண்ணி. குளிக்க வார்க்கப் பெண்பிள்ளைதான் வர வேண்டும். வெள்ளிக்கிழமை மச்சம் இல்லை. கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் ஒருநேரச் சாப்பாடு, ஆனால் சீனி வருத்தத்துக்கான குளிசை அதற்கேற்ற மாதிரி. பொட்டு வைத்துவிட்டுத்தான் அறையை விட்டு வெளியே வருவேன். வலது காது கேளாது, இடது பக்கம் நின்று கதைக்க வேண்டும். வந்த புதிதில் என்னை அப்பாவின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், பத்திரங்களில் அதுதானே கடைசிப் பேராக இருக்கிறது. செத்துப்போன மனுஷனின் பேரை நாள் முழுக்கக் கேட்க எனக்கு நெஞ்சு அடைத்தது. அக்கா சொல்லி அதையும் எழுதுவித்தாள். இப்போது பிலிப்பைன்ஸ் பிள்ளைகளும் ஜமைக்காப் பிள்ளையும் "அம்மா" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

இப்படி எழுதிவைப்பதால் என்ன வரப்போகிறது என்று நினைக்காதே. ஞாபகமறதி வந்தவர்கள் இருக்கும் பகுதியில் தீவுப்பக்கத்து ஐயா ஒருவர் இருக்கிறார். இங்கிலீஷ் முழுதாகப் போய்விட்டது. இந்த நோயில் பிறகு படித்த பாஷை முதலில் போவது பலருக்கு நடக்கிறது. குளிக்கவைக்கப் போனால் கத்துவார், கையை ஓங்குவார். மூர்க்கமான ஆள் என்று பேர் வந்துவிட்டது. மயக்கக் குளிசை கொடுக்கலாமா என்ற கதைகூட வந்தது. அப்போது வேலைக்கு வந்த எங்கள் தமிழ்ப் பிள்ளை ஒருத்தி கொஞ்ச நாள் பார்த்தாள். பைப்பைத் தலைக்கு மேலே பிடித்து முகத்தில் தண்ணி அடித்தால்தான் அவர் பயப்படுகிறார் என்று கண்டுபிடித்தாள். ஒரு வாளியில் இளஞ்சூட்டுத் தண்ணி நிரப்பி, கையில் ஒரு கோப்பையைக் கொடுத்து, "ஐயா, வாருங்கோ" என்றாள். அவர் தானே அள்ளி வார்த்துக்கொண்டார். வாழ்நாள் முழுக்கக் கிணற்றடியில் குளித்த மனுஷன்! அது இப்போது அவருடைய திட்டத்தில் இருக்கிறது, புதிதாக வருகிற ஆளும் அதன்படிதான் செய்ய வேண்டும். மயக்கக் குளிசைக் கதை அத்தோடு முடிந்தது.

எல்லாம் நன்றாக இருக்கிறது என்று உனக்குப் பொய் சொல்லமாட்டேன். சனி, ஞாயிறுகளில் ஆட்கள் குறைவு. ஏஜென்சியிலிருந்து வருகிற புது ஆட்களுக்கு யாருக்கு என்ன என்று தெரியாது, திட்டத்தை வாசிக்க நேரமும் கிடைப்பதில்லை. பெல்லை அடித்துவிட்டுக் காத்திருந்து காத்திருந்து ஆட்கள் தாங்களாகவே எழும்பப் பார்க்கிறார்கள். ஒரு ஆளுக்கு நாளொன்றுக்குச் சராசரி நாலு மணித்தியாலப் பராமரிப்பு என்பதுதான் சட்டத்தின் இலக்கு, ஆனால் சராசரியால் ஞாயிறு இரவில் யாரும் வந்து நிற்பதில்லை. குளிப்பு கிழமைக்கு இரண்டு தரம்தான் கட்டாயம். எங்களைப் போன்ற ஆட்களுக்கு அது போதுமா? நான் கேட்டு, மற்ற நாட்களில் விடிய மேல் துடைத்துவிடுகிறார்கள். சாப்பாட்டில் சோறு களியாக வரும், கறியில் உறைப்பு இராது. குடியிருப்பவர் சபை என்று ஒன்று இருக்கிறது, நான் அதில் போய் இருக்கிறேன். சபை எழுத்தில் ஒன்றைக் கேட்டால் பத்து நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். சோற்று விஷயத்தை அப்படித்தான் கேட்டோம். இப்போது கிழமையில் ஒரு நாள் இடியப்பமும் சொதியும் வருகிறது, சொதி பரவாயில்லை.

உன் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 2020 இல் கொரோனாவில் இப்படியான இல்லங்களில் ஆட்கள் எப்படிச் செத்தார்கள், இராணுவத்தை அனுப்பவேண்டி வந்தது, அவர்கள் எழுதிய அறிக்கையில் என்ன இருந்தது என்றெல்லாம் நீயும்தானே வாசித்தாய். அதை யாரும் மறக்கக் கூடாது. பிள்ளைகளை வாசலோடு நிறுத்தியதால் உள்ளே நடப்பதைப் பார்க்கக் கண் இல்லாமல் போனது. புதுச் சட்டத்தில், வந்து பராமரிக்கிற சொந்தக்காரரின் உதவி தொடர்ந்து கிடைப்பதும் ஒரு உரிமை. அதனால்தான் அக்கா ஒரே நேரத்துக்கு வராமல் வேறு வேறு நேரங்களில் வந்துபோகிறாள். அவளை நீ குறை சொல்லாதே. அவளுடைய பேஸ்மென்ட்டில், விடிய ஏழு மணி தொடக்கம் பின்னேரம் ஆறு மணிவரை ரீவிக்கு முன்னால் தனியாக இருந்தது நான். இங்கே வருகிறேன் என்று சொன்னதும் நான்தான். கலியாண வீட்டில் யாரோ "தாயை ஹோமில் விட்டிட்டினம்" என்று கதைத்தார்கள் என்று நீ வெட்கப்பட வேண்டாம். காசும் அனுப்ப வேண்டாம். சாதாரண அறைக்கு மாதம் 2000 டொலர் அளவில் வருகிறது, வருமானம் குறைந்தவர்களுக்கு அதில் கழிவு உண்டு. என் ஓய்வூதியத்திலேயே அது போகிறது.

உன்னிடம் நான் கேட்பது வேறு. அடுத்த மாதம் என் வருடாந்தக் கூட்டம், இரண்டாவது வியாழக்கிழமை பின்னேரம் 3 மணிக்கு. உனக்கு அது வெள்ளி விடிய 7 மணி. நீ போனில் இருக்க வேண்டும். டொக்டர், தாதி இரண்டு பேரில் ஒருவராவது இருப்பார், சமையல் பகுதியிலிருந்தும் வருவார்கள். பயத்தைச் சொல்வதற்குப் பதிலாகக் கேள்வி கேள்: பிரஷர் இப்போது எப்படி இருக்கிறது, வார இறுதியில் நாலேகாலுக்கு யார் வருகிறார்கள், புது ஆளுக்கு அதை யார் சொல்கிறார்கள் என்று கேள்.

ஒரு நாள் எனக்கும் மறதி வரலாம். அம்மம்மாவுக்கு வந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். அப்போது எனக்காகக் கதைக்கப்போவது நீயும் அக்காவும்தான், ஆனபடியால் இப்போதே சொல்லிவைக்கிறேன். நடக்க முடியும்வரை நடக்க விடுங்கள், விழுந்தாலும் பரவாயில்லை. சீவ வசதியில்லை என்று தலைமயிரை ஒட்ட வெட்ட விடாதீர்கள். அரைத்த சாப்பாடுதான் இறங்கும் என்று ஆகிவிட்டால், எல்லாவற்றையும் ஒன்றாகக் கலக்காமல் தனித்தனியாக வைத்துத் தரச் சொல்லுங்கள், கறி எது, பருப்பு எது என்று நாக்குக்குத் தெரிய வேண்டும். நோ, பசி, தண்ணி, குளிர், கழிவறை என்று கொஞ்சச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதிக் கட்டிலுக்கு மேலே ஒட்டுங்கள், அந்த ஐயாவின் அறையில் அப்படி இருக்கிறது. சாப்பிட மறந்துபோனால் குழாய் போட வேண்டாம். கடைசி நேரத்தில் அம்புலன்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டோட வேண்டாம், நோவுக்கு மருந்து தந்து இங்கேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். இதை அக்காவிடமும் சொல்லியிருக்கிறேன். அவள் அழுதாள், ஆனால் எழுதிக்கொண்டாள். நீங்கள் இரண்டு பேரும் அந்த நேரத்தில் ஆளுக்கொரு கதை சொல்லிச் சண்டை பிடிக்காமல் இருந்தால் எனக்கு அது பெரிய காரியம்.

கூட்டத்துக்கு மருமகளையும் பக்கத்தில் இருக்கச் சொல்லு. அவள் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள், மருந்துக் கதை உன்னைவிட அவளுக்கு விளங்கும். குளிசைப் பட்டியலை அக்கா முதல்நாளே உனக்கு அனுப்புவாள்.

அன்புடன்,
அம்மா